சீரியல் போர்ட்டில் ஜிபிஎஸ் கடிகாரம்: பாதுகாப்பாக இணைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதன் கடிகாரத்தைச் சந்தேகப்படுவதே இல்லை. திரையின் மூலையில் தெரியும் நேரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்துபவர்களும் உண்டு. ஆனால் மதர்போர்டில் இருப்பது வினாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சாதாரண குவார்ட்ஸ் படிகம்தான். அது பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் 1.7 வினாடியும், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 52 வினாடியும் மாறிவிடும்.

இண்டர்நெட் இணைப்பு இருந்தால் விண்டோஸ் அவ்வப்போது நேரத்தைச் சரி செய்துவிடும். இணைப்பு இல்லாத இடத்தில் என்ன செய்வது? நிலவு ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் கணத்தைக் குறித்து வைக்க விரும்பும் வானியல் ஆர்வலர் என்ன செய்வார்? இவர்களுக்கு ஜிபிஎஸ் கை கொடுக்கிறது. சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் சாட்டலைட்டுகள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. அந்த நேரத்தைச் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மாட்யூல் நம் மேஜைக்குக் கொண்டு வந்து விடுகிறது. அதனைக் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில் இணைக்கும் முறையை இங்கே பார்க்கலாம்.

முதலில் நான் செய்த தவறு

என்னிடம் இருந்தது நியோ-6எம் வகை மாட்யூல். அதில் விசிசி, ஆர்எக்ஸ், டிஎக்ஸ், கிரவுண்டு என நான்கு பின்கள் இருந்தன. சீரியல் போர்ட்டிலும் ஆர்எக்ஸ், டிஎக்ஸ், கிரவுண்டு இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பி, இதன் டிஎக்ஸை அதன் ஆர்எக்ஸிற்கும், அதன் டிஎக்ஸை இதன் ஆர்எக்ஸிற்கும் ஒயர் போட்டு நேரடியாக இணைத்துவிட்டேன். திரையில் புரியாத எழுத்துகள் ஓடின. செட்டிங்ஸில்தான் ஏதோ தவறு என்று அதனை மாற்றி மாற்றிப் பார்த்துக் கொண்டிருந்தேன். சில நிமிடங்களில் மாட்யூல் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, அதன் பிறகு உயிர் பெறவே இல்லை. சீரியல் போர்ட் தப்பியது என் அதிர்ஷ்டம். பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். போர்ட்டின் 3 ஆம் பின்னில் மைனஸ் 11 வோல்ட் காட்டியது. இணைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனையை இணைத்த பிறகு செய்திருக்கிறேன்!

பெயர் ஒன்று, வோல்டேஜ் வேறு

சீரியல் போர்ட் ஆர்எஸ்-232 என்ற பழைய தர முறைப்படி இயங்குகிறது. இதில் 1 என்பதைக் குறிக்க மைனஸ் 5 முதல் மைனஸ் 15 வோல்ட் வரையிலும், 0 என்பதைக் குறிக்க பிளஸ் 5 முதல் பிளஸ் 15 வோல்ட் வரையிலும் அனுப்பப்படும். எந்தத் தகவலும் அனுப்பப்படாமல் சும்மா இருக்கும்போது டிஎக்ஸ் பின்னில் மைனஸ் வோல்டேஜ் நிற்கும்.

ஜிபிஎஸ் மாட்யூலில் 1 என்பது 3.3 வோல்ட், 0 என்பது 0 வோல்ட். மைனஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே நேரடியாக இணைத்தால் இரண்டு கோளாறுகள் ஏற்படும். முதலாவது, கம்ப்யூட்டரின் மைனஸ் வோல்டேஜ் மாட்யூலின் உள்ளே புகுந்து அதனைக் கெடுக்கும். இரண்டாவது, 1 உம் 0 உம் தலைகீழாக இருப்பதால் மாட்யூல் அனுப்புவது கம்ப்யூட்டருக்குப் புரியாது. நான் பார்த்த புரியாத எழுத்துகளுக்குக் காரணம் இதுதான்.

இரண்டையும் தீர்க்க நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் மேக்ஸ்3232 என்ற ஐசி. கடையில் கேட்கும்போது மேக்ஸ்232 என்று வாங்கிவிடாதீர்கள். அது 5 வோல்ட்டில் இயங்குவது. மாட்யூலின் பக்கத்திற்கும் 5 வோல்ட் அனுப்பும். மாட்யூலுக்கு அது அதிகம். மேக்ஸ்3232 ஐசியை 3.3 வோல்ட்டில் இயக்கலாம்.

தேவையான பொருட்கள்

1. பிபிஎஸ் பின் வெளியே தரப்பட்டுள்ள ஜிபிஎஸ் மாட்யூல். பிபிஎஸ் என்பது ஒவ்வொரு வினாடியின் தொடக்கத்திலும் மாட்யூல் தரும் ஒரு துடிப்பு. நியோ-6எம் பலகைகள் பலவற்றில் இந்தப் பின் இருப்பதில்லை. வாங்கும்போதே பார்த்து வாங்கவும்.
2. மேக்ஸ்3232 ஐசி, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் ஐந்து. தயார் நிலையில் விற்கப்படும் பலகையும் வாங்கலாம். ஆனால் அவற்றில் பல, தகவலுக்கான ஒயர்களை மட்டுமே கனெக்டருக்குக் கொண்டு வந்திருக்கும். பிபிஎஸ் துடிப்புக்கு இரண்டாவது வழியும் வேண்டும்.
3. 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர் (ஏஎம்எஸ்1117-3.3).
4. ஒன்பது துளைகள் கொண்ட சீரியல் கனெக்டர், ஒரு பழைய யூஎஸ்பி கேபிள், மல்டிமீட்டர்.

மின்சாரத்தை அதே கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் இருந்து எடுப்பது நல்லது. சிவப்பு ஒயர் 5 வோல்ட். கறுப்பு ஒயர் கிரவுண்டு. மற்ற இரண்டு ஒயர்களையும் வெட்டி, தனித்தனியே டேப் சுற்றி விடுங்கள். ஒயர்களின் நிறம் சில கேபிள்களில் மாறியிருக்கும் என்பதால் மீட்டரில் பார்த்து உறுதி செய்து கொள்ளவும்.

போர்ட் எங்கே இருக்கிறது?

இன்றைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள் பலவற்றின் பின்புறம் சீரியல் போர்ட் இருப்பதில்லை. ஆனால் மதர்போர்டில் காம் என்று அச்சிடப்பட்ட ஒன்பது பின் வரிசை இருக்கக் கூடும். அதற்கான கேபிளை வாங்கிப் பொருத்தலாம். இந்தக் கேபிள்கள் இரண்டு விதமான ஒயர் வரிசையில் வருகின்றன. தவறான வகையைப் பொருத்தினால் 3 ஆம் பின் என்று நீங்கள் நினைப்பது வேறாக இருக்கும்.

ஆகவே எதையும் இணைக்காமல் போர்ட்டை அளந்து பாருங்கள். போர்ட்டை நேராகப் பார்க்கும்போது ஐந்து பின்கள் உள்ள வரிசை மேலே இருக்கட்டும். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 5. கீழ் வரிசையில் 6 முதல் 9. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை 5 ஆம் பின்னிலும் சிவப்பு முனையை 3 ஆம் பின்னிலும் வைக்கவும். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. இரண்டு முனைகளும் பக்கத்துப் பின்னைத் தொடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

யூஎஸ்பி சீரியல் கேபிளும் பயன்படுமா என்று கேட்பீர்கள். நேரத்தைப் படிக்கப் பயன்படும். ஆனால் யூஎஸ்பி தகவலை விட்டு விட்டுத்தான் எடுத்துச் செல்லும் என்பதால், துடிப்பில் மில்லி வினாடி அளவில் பிசகு வரும். உண்மையான சீரியல் போர்ட்டில் இது மைக்ரோ வினாடிகளில் முடிந்து விடுகிறது.

எர்த் இருக்கிறதா?

நம் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத விஷயம் இது. சிபியூ கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறதா? அப்படியானால் அந்தப் பிளக் பாயிண்ட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காரணமாக, எர்த் இல்லாத கேபினட் ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதந்து கொண்டிருக்கும். மின்சாரத்தின் அளவு மிகக் குறைவு என்பதால் நமக்குச் சுருக்கென்பதோடு போகிறது. ஒரு சிறிய சிப்புக்கு அதுவே போதும். போர்ட்டின் 5 ஆம் பின் கேபினட்டுடன் இணைந்திருக்கிறது. நீங்கள் வெறும் தரையில் நின்று மாட்யூலைக் கையில் பிடித்தபடி சொருகினால், அந்த மின்சாரம் சிப் வழியாகவும் உங்கள் வழியாகவும் தரைக்குப் போகப் பார்க்கும்.

எனவே முதலில் எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சரி செய்து விடுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் அடாப்டரைப் பயன்படுத்த வேண்டாம். சீரியல் கனெக்டரைச் சொருகுவதும் கழற்றுவதும் கம்ப்யூட்டரை ஆஃப் செய்த பிறகே இருக்கட்டும். யூஎஸ்பி போல் ஓடும்போதே சொருகுவதற்காக அமைக்கப்பட்டதல்ல இந்தப் போர்ட்.

இணைப்பு முறை

மேக்ஸ்3232 ஐசியின் 16 ஆம் காலுக்கு 3.3 வோல்ட்; 15 ஆம் காலுக்கு கிரவுண்டு. கெப்பாசிட்டர்களை 1 மற்றும் 3, 4 மற்றும் 5, 2 மற்றும் கிரவுண்டு, 6 மற்றும் கிரவுண்டு ஆகியவற்றிற்கு இடையே இணைக்கவும். ஐந்தாவது, 16 க்கும் 15 க்கும் இடையே வரும். பிறகு:

1. மாட்யூலின் டிஎக்ஸ், ஐசியின் 11 ஆம் காலுக்கு. ஐசியின் 14 ஆம் கால், சீரியல் கனெக்டரின் 2 ஆம் பின்னுக்கு.
2. மாட்யூலின் பிபிஎஸ், ஐசியின் 10 ஆம் காலுக்கு. ஐசியின் 7 ஆம் கால், கனெக்டரின் 1 ஆம் பின்னுக்கு. இந்தப் பின்னின் பெயர் டிசிடி.
3. கனெக்டரின் 3 ஆம் பின், ஐசியின் 13 ஆம் காலுக்கு. ஐசியின் 12 ஆம் கால், மாட்யூலின் ஆர்எக்ஸிற்கு.
4. கனெக்டரின் 5 ஆம் பின், எல்லாவற்றிற்கும் பொதுவான கிரவுண்டுக்கு.

மாட்யூலை இப்போதே பொருத்த வேண்டாம். முதலில் 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று மீட்டரில் பாருங்கள். பின் ஐசியின் 11 ஆம் காலையும் 12 ஆம் காலையும் ஒரு சிறு ஒயரால் இணைத்து, கனெக்டரைச் சொருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்திடுங்கள். புட்டி என்ற இலவச புரோகிராமில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, போர்ட் காம்1, வேகம் 9600, ஃப்ளோ கண்ட்ரோல் நன் என அமைக்கவும். நீங்கள் டைப் செய்யும் எழுத்து அப்படியே திரையில் திரும்பி வந்தால், ஐசி இரு திசையிலும் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். வராவிட்டால் தவறு ஐசிப் பகுதியில்தான் இருக்கிறது. எந்த மாட்யூலும் இதற்குள் கெட்டிருக்காது! 12 ஆம் காலில் 3.3 வோல்ட்டுக்கு மேல் இல்லை என்பதையும் அளந்து கொள்ளுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் ஆஃப் செய்து, சிறு ஒயரை எடுத்துவிட்டு, மாட்யூலைப் பொருத்துங்கள். ஆன்டெனாவை வானம் தெரியும் ஜன்னல் ஓரத்தில் வைக்கவும். மொட்டை மாடிக்குக் கொண்டு போனால், இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்ததுமே கம்ப்யூட்டரை ஆஃப் செய்து கனெக்டரைக் கழற்றி விட வேண்டும்.

திரையில் என்ன தெரியும்?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மவுஸ் கர்சர் தன்னிஷ்டத்திற்குத் துள்ளினால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் ஜிபிஎஸ் தகவலை ஒரு பழைய சீரியல் மவுஸ் என்று தவறாக எடுத்துக் கொண்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் சீரியல் பால்பாயிண்ட் என்று தெரியும் மவுஸை டிஸேபிள் செய்திடுங்கள்.

புட்டியைத் திறந்தால் வினாடிக்கு ஒரு முறை சில வரிகள் வரும். ஜிபிஆர்எம்சி என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதில் முதலில் வரும் 083000 என்பது 8 மணி 30 நிமிடம் 0 வினாடி. இது யூடிசி நேரம். 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் நம் நேரம் பிற்பகல் 2 மணி. அடுத்து வரும் ஆங்கில எழுத்து ஏ என்றால் நேரம் நம்பத்தக்கது. வி என்றால் இன்னும் சாட்டலைட்டுகள் சரியாகக் கிடைக்கவில்லை. ஏ வந்த பிறகும் கால் மணி நேரம் பொறுங்கள். ஜிபிஎஸ் நேரம் யூடிசியை விட 18 வினாடி முன்னால் ஓடுகிறது. அதனைக் கழிப்பதற்கான தகவல், சாட்டலைட்டிலிருந்து முழுமையாக வந்து சேர 12.5 நிமிடம் வரை ஆகும். பழைய மாட்யூல்களில் தேதி பல ஆண்டுகள் பின்னால் தெரியலாம். ஜிபிஎஸ் வார எண் 1024 வாரங்களுக்கு ஒரு முறை பூஜ்யத்திற்குத் திரும்புவதே காரணம். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது.

இந்த வரிகளை மட்டும் வைத்துத் துல்லியமான நேரம் எடுக்க முடியாது. 9600 வேகத்தில் 70 எழுத்துள்ள ஒரு வரி வந்து முடியவே சுமார் 73 மில்லி வினாடி ஆகிவிடும். வரி "இது எந்த வினாடி" என்று சொல்கிறது. "இதோ, இப்போது தொடங்குகிறது" என்று சொல்வது பிபிஎஸ் துடிப்பு. விண்டோஸின் நேரச் சேவை இந்தத் துடிப்பைத் தானாக எடுத்துக் கொள்ளாது. லினக்ஸில் ஜிபிஎஸ்டி, குரோனி ஆகிய இலவச புரோகிராம்கள் எடுத்துக் கொள்கின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேக்ஸ்3232 வோல்டேஜைத் தலைகீழாக்குகிறது அல்லவா? மாட்யூலில் மேலே எழும் துடிப்பு, போர்ட்டில் கீழே விழும் துடிப்பாக வந்து சேரும். எனவே குரோனியில் கிளியர் என்ற முனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றித் தேர்ந்தெடுத்தால் துடிப்பின் முடிவைத்தான் அது எடுத்துக் கொள்ளும். துடிப்பின் நீளம் பொதுவாக 100 மில்லி வினாடி. உங்கள் கடிகாரம் சரியாகப் பத்தில் ஒரு வினாடி பிசகி, ஆனால் ஆடாமல் அசையாமல் நிற்கும். பார்ப்பதற்குச் சரியானது போலவே இருக்கும்.

மொத்தத்தில், சொருகும் முன் அளந்து பாருங்கள். மாட்யூலைப் பொருத்தும் முன் எழுத்து திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான் நான் இரண்டாவது மாட்யூல் வாங்க நேர்ந்தது.