வானைக் காக்கும் சொல்

நுழையும்முன்

வானத்துச் சாலைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் அங்கும் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கைத் தரையிலிருந்து சொல்லால் நிலைநிறுத்துபவர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். அப்பணியை விரும்புவோர் அறிவோடு செவியையும் நாவையும் ஏன் பழக்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிச் சென்றால் கூனிமேடு வரும். அவ்வூர்க் கரையில் நின்று வானூர்தியைக் காணும் மாணவர், அதனை ஓட்டுபவர் யாரென எண்ணலாம். அதற்கு வழிசொல்பவர் யாரென எண்ணுவோர் சிலரே. சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா என இந்திய வான்பரப்பில் நான்கு பெரும் தகவல் மண்டலங்கள் உள்ளன. இக்கரையின் வானம் சென்னை மண்டலத்தைச் சார்ந்தது.

இப்பணிக்கு ஆள்களைத் தேர்ந்தெடுப்பது இந்திய விமான நிலைய ஆணையம். இயற்பியல், கணிதம் ஆகியவற்றுடன் கூடிய இளம் அறிவியல் பட்டமோ, அப்பாடங்களைப் பயின்ற பொறியியல் பட்டமோ தேவை. கணினிவழித் தேர்வில் வென்றோர் குரல் தேர்வு, உளவியல் மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை முதலியவற்றையும் கடக்க வேண்டும். குரலுக்கென ஒரு தேர்வு எதற்கு? அதற்கு வரலாறே விடை கூறுகிறது.

1996 நவம்பர் 12 அன்று, அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதின. 349 பேர் உயிரிழந்தனர். முன்னதற்கு 14,000 அடியும் பின்னதற்கு 15,000 அடியும் உயரமாகத் தில்லிக் கட்டுப்பாட்டாளரால் குறிக்கப்பட்டிருந்தன. கஜகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்துக்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம் என விசாரணையில் தெரியவந்தது. அக்குழுவினரின் ஆங்கில அறிவுக் குறையும் சுட்டப்பட்டது. சொன்னது சரியாக இருந்தால் மட்டும் போதாது. கேட்டவர் அதனைச் சரியாக உணர்ந்தாரா என்பதும் உறுதியாக வேண்டும்.

அதனால்தான் கட்டுப்பாட்டாளரின் ஆணையை விமானி திருப்பிச் சொல்கிறார். அதில் பிழை இருப்பின் கட்டுப்பாட்டாளர் உடனே திருத்துகிறார். ஆக, இப்பணியில் பேசுவதில் பாதி, கேட்பதே. திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் உள்ளதுபோலக் கேள்விக்கும் ஓர் அதிகாரம் இருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

தமிழ்வழியில் பயிலும் மாணவர் பலர், ஆங்கிலத்தை எண்ணி இத்தகைய பணிகளிலிருந்து ஒதுங்குகின்றனர். அவ்வச்சம் தேவையற்றது. இங்கு வேண்டுவது அலங்கார ஆங்கிலம் அன்று; குறைந்த சொற்களில் ஐயமற்ற பொருள். அலை, அளை, அழை என்பவற்றின் ஒலிவேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்து ஒலிக்கும் மாணவர், ஒலி மாறினால் பொருள் மாறும் என்பதை முன்பே அறிந்தவர். அதே கவனத்தை ஆங்கிலத்துக்கும் நீட்டினால் போதும். நாள்தோறும் ஒரு பத்தியை நிதானமாக உரக்க வாசித்தல், எண்களைக் கேட்டுப் பிழையின்றித் திருப்பிச் சொல்லுதல், புரியாதபோது கூசாமல் மீண்டும் கேட்டல் ஆகியவையே இன்று தொடங்கத்தக்க பயிற்சிகள். இவற்றுள் மூன்றாவதே அரிது. புரிந்ததுபோல் தலையசைக்கும் பழக்கம் வகுப்பில் ஒரு மதிப்பெண்ணை இழக்கச் செய்யும்; வானிலோ உயிர்களையே இழக்கச் செய்யும்.

தெரிந்து தெளிவோம்

வானொலித் தொடர்பில் எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி எனச் சொற்களால் குறிப்பர். ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் ஒலிப்பர். 'ரோஜர்' என்பதற்குச் 'செய்தி முழுமையாகக் கிடைத்தது' என்பதே பொருள், 'உடன்படுகிறேன்' என்பதன்று.

கற்பவை கற்றபின்

1. இருவர் முதுகுகாட்டி அமர்க. ஒருவர் நான்கு எண்களும் ஒரு திசையும் கொண்ட செய்தியைச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்க. பிழைகளைக் குறித்துக் கலந்துரையாடுக.

2. தவறாகக் கேட்கப்பட்ட ஒரு சொல்லால் உங்கள் வீட்டிலோ ஊரிலோ நேர்ந்த குழப்பத்தை ஒரு பத்தியில் எழுதுக.