கரடிக்கு ஏன் டை?

காட்டில் திரியும் கரடிக்குக் காலரும் டையும் எதற்கு? நம்மைப் போல் பள்ளிக்கூடம் போகவா? அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1958இல் தோன்றிய யோகி கரடிக்குச் சட்டை இல்லை, டை உண்டு. கற்கால மனிதனாக வரும் பிரெட் பிளின்ட்ஸ்டோனும் தோலாடையின்மேல் டை கட்டியிருக்கிறான். வெறும் வேடிக்கை என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம்.

இவ்விருவரையும் படைத்தவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்போர். இவர்களே 1940 முதல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் 'டாம் அண்ட் ஜெர்ரி' படங்களை எடுத்தவர்கள். திரையரங்குகளுக்காக எடுக்கப்பட்ட அப்படங்கள் 7 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றன.

திரைப்படச் சுருளில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஒரே சித்திரத்தை இருமுறை படமெடுத்தாலும் நொடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். 7 நிமிடத்திற்கு 5,040! நாங்கள் சிலர் பழைய நோட்டின் ஓரத்தில் ஓடும் பூனையை வரைந்து, தாள்களைப் புரட்டிப் பார்த்தோம். ஒரு மாலை முழுதும் வரைந்த 36 சித்திரங்கள் மூன்றே நொடியில் தீர்ந்தன. பூனை எலியை நெருங்கக்கூட இல்லை.

1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. விருது பெற்ற கைகள் வேலையின்றி நின்றன. இருவரும் தொலைக்காட்சியை நாடினர். அங்கோ வாரந்தோறும் புதுப்படம் வேண்டும். பணமோ மிகக் குறைவு. ஆகவே அசைய வேண்டியதை மட்டுமே அசைத்தனர். கரடி பேசும்போது உடல் ஒரு கண்ணாடித்தாளில் அப்படியே நிற்கும். தலையும் வாயும் மட்டும் வேறு தாள்களில் மாறிக்கொண்டிருக்கும். இரண்டும் சேருமிடத்துக் கோடு கண்ணில் படாதா? அதை மறைக்கத்தான் காலர்! பிரெட் வீட்டுக்குள் ஓடும்போது ஒரே சன்னல் திரும்பத் திரும்ப வருவதும் இதே சிக்கனந்தான்.

கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ் இத்தகைய தொடர்களைப் 'படம் போட்ட வானொலி' என்று எள்ளினார். அது பொய்யன்று. டாம் வழுக்கி விழும் நளினம் இவற்றில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் கதை விளங்கும். ஆயினும் கை ஓய்ந்த இடத்தில் வாய்க்கு வேலை வந்தது. டாமும் ஜெர்ரியும் பெரும்பாலும் பேசாதவர்கள். பிரெடோ பேசியே வீட்டை இரண்டாக்குகிறான். 1960 செப்டம்பர் 30 அன்று இரவு 8.30 மணிக்கு, பெரியவர்களும் அமரும் வேளையில் தொடங்கிய 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' 1966 வரை 166 பகுதிகள் ஓடியது. நன்றாக எழுதிய வசனமும் குரலும் இல்லையேல் அத்தனை நாள் தாங்கியிராது என்பதே எங்கள் எண்ணம்.

இப்போதெல்லாம் பழைய கார்ட்டூன் எதைப் பார்த்தாலும் எங்கள் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகிறது.