அப்பா பயிற்சியாளரானால் பாசம் கண்ணை மறைக்குமா?

"பெத்த பிள்ளைக்கு அப்பனே கோச்சா நின்னா உருப்படாது. பாசம் கண்ணை மறைச்சிடும்." பாலக்காட்டு நீளம் தாண்டும் வீரர் ஸ்ரீசங்கரைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறு.

தந்தை எஸ். முரளி தெற்காசியப் போட்டியில் மும்முறை தாண்டுதலில் வெள்ளி வென்றவர். தாய் பிஜிமோள் 800 மீட்டர் ஓட்டக்காரர். மைதானத்தில் மகனுக்குச் செல்லம் கிடையாது. பதினெட்டு வயதுவரை பேஸ்புக், வாட்ஸ்அப் எதையும் தொடக்கூடாது என்று கட்டளை போட்டவர் முரளி.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்ரீசங்கர் 7.69 மீட்டரோடு வெளியேறினார். முரளியின் பயிற்சியில் திருப்தியில்லை, பயிற்சியாளரை மாற்றுகிறோம் என்றது தடகளக் கூட்டமைப்பு. ஊர்ப்பேச்சு மெய்யானதுபோல் இருந்தது. ஆனால் தகப்பனும் மகனும் பிரியவில்லை. 2022 ஏப்ரலில் 8.36 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை. மே மாதம் கிரீஸின் கலிதியாவில் 8.31 தாண்டி முதலிடம். ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் வெள்ளி. அங்கே தங்கம் வென்ற பஹாமாஸ் வீரர் தாண்டியதும் அதே 8.08 மீட்டர்தான், இரண்டாவது சிறந்த தாண்டலை ஒப்பிட்டபோது நம்மவர் பின்தங்கினார்.

அதிக தூரம் தாண்டியவரிடமே சாதனையும் இருக்கும் என்று நினைப்பதும் தவறு. அந்த 8.36 நாளில் தங்கம் வாங்கியவர் தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின், 8.37 மீட்டர். பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால் அந்தத் தூரம் சாதனைக் கணக்கில் ஏறாது; அவர் தாண்டியபோது அப்படித்தான் வீசியது. ஆகவே தங்கம் ஆல்ட்ரினுக்கு, சாதனை ஸ்ரீசங்கருக்கு. மறு ஆண்டே 8.42 தாண்டி அதையும் தமக்காக்கிக்கொண்டார் ஆல்ட்ரின்.

நீளம் தாண்டக் கற்றுத்தர நீளம் தாண்டியவரால்தான் முடியும் என்பார்கள். ஆல்ட்ரினுக்குப் பயிற்சியளித்த கியூபாவின் யோவாந்த்ரிஸ் பெதான்சோஸ், உலகப் போட்டிகளில் மும்முறை தாண்டுதலில் வெள்ளி வென்றவர். 2003 பாரிஸ் உலகப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கிய அஞ்சு பாபி ஜார்ஜின் கணவரும் பயிற்சியாளருமான ராபர்ட் பாபி ஜார்ஜும் மும்முறைக்காரரே. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று முறை தாண்டுபவர் ஒவ்வொரு முறை தரையில் கால்படும்போதும் கொஞ்சம் வேகத்தை இழக்கிறார். மிச்சத்தைக் காப்பாற்றுவதே அவருடைய வித்தை. நீளம் தாண்டுபவருக்கும் பலகையில் கால் வைக்கும் கணத்தில் வேகம் சிதறக்கூடாது. துள்ளும் கால் இருந்தால் போதும் என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஸ்ரீசங்கர் சிறுவயதில் 50, 100 மீட்டர் ஓடியவர். தாண்டுதலுக்கு வந்தது அதன் பிறகுதான்.

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: ஸ்ரீசங்கர் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் கணிதம் படித்தவர்.

2024 ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை நடந்து, பாரிஸ் ஒலிம்பிக் கைநழுவியபோது, தாண்டுபவனுக்கு முட்டி போனால் எல்லாம் போச்சு என்றார்கள். 2025 ஜூலையில் புணேயில் திரும்பி வந்து 8.05 மீட்டர் தாண்டி முதலிடம் பிடித்தார்.