சப்பை மிளகும் 4 ஜிபி கார்டும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்: முதல் கேமிங் கம்ப்யூட்டர்

தாண்டிக்குடியில் மிளகு வாங்க வரும் வியாபாரி மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை சொல்ல மாட்டார். லிட்டர் படியில் மிளகை நிரப்பி, தலை தட்டி, எடை போடுவார். 550 கிராம் நின்றால் ஒரு விலை, 480 நின்றால் வேறு விலை. சப்பை மிளகும் மூட்டையை நிரப்பும். லிட்டர் எடையில்தான் குட்டு உடையும். பழனி மலையின் இந்தப் பக்கம் வளர்ந்த பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

அதே பிள்ளை பத்தொன்பது வயதில், காப்பி எடுப்பு முடிந்து கையில் காசு புரளும்போது, கேமிங் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினால் மட்டும் மூட்டையைப் பார்த்து ஏமாந்து வருகிறான். கம்ப்யூட்டர் உதிரிகளிலும் மூட்டை எண் ஒன்று உண்டு. பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். லிட்டர் எடை பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கும். மலைக்கு வந்து சேர்ந்திருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் படியில் போட்டுப் பார்ப்போம்.

நம்பிக்கை: 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு எதுவானாலும் ஒன்றுதான்.

உண்மை: அதிகம் பேர் பணத்தை விடுவது இங்கேதான். ஜிடி 730 என்ற கார்டு 2014-இல் வந்தது. அதன் 4 ஜிபி வகை இன்றும் ‘கேமிங் கார்டு’ என்ற பெயரில் விலைபோகிறது. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-இலும் அதே 4 ஜிபிதான். ஆனால் ஜிபி என்பது கிடங்கின் அளவு. கிடங்கிலிருந்து சரக்கு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதுதான் படம் விக்காமல் ஓடுவதைத் தீர்மானிக்கிறது. டிடிஆர்3 நினைவகம் போட்ட சாதாரண ஜிடி 730-இல் நொடிக்கு 14.4 ஜிபி வரும். ஜிடிஎக்ஸ் 1650-இல் 128 ஜிபி. ஏறக்குறைய ஒன்பது மடங்கு. கணக்குப் போடும் கருக்களிலும் ஜிடி 730-இல் 384, ஜிடிஎக்ஸ் 1650-இல் 896.

ஜிடி 730-இல் எதுவுமே ஓடாது என்று சொல்வதும் தவறு. வாலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டு அதில் ஓடும். ஆனால் அந்த வேலைக்குத் தனிக் கார்டே வேண்டாம். ஏன் என்பதை ராம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

நம்பிக்கை: ஆன்லைனில் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, சல்லிசாகக் கிடைக்கிறது. விடக் கூடாது.

உண்மை: பெயருக்குப் பின்னால் ‘2048எஸ்பி’ என்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 2017-இல் வந்த அசல் ஆர்எக்ஸ் 580-இல் 2304 கருக்கள். 2048எஸ்பி வகையில் 2048. அது ஆர்எக்ஸ் 570-இன் எண்ணிக்கை. பழைய கார்டு என்றால் இன்னொரு சங்கதியும் உண்டு. 2022 செப்டம்பர் 15-இல் எதீரியம் கிரிப்டோ நாணயம் கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டபோது, அதுவரை இரவு பகலாக அதைத் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் உலகமெங்கும் சந்தைக்கு வந்தன. அப்படி உழைத்த கார்டு எல்லாமே கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் வாரன்டி இல்லாத பழைய கார்டை, கண்ணெதிரே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டாமல் வாங்கக் கூடாது.

நம்பிக்கை: ஐ7 எப்போதும் ஐ3-ஐவிட உசத்தி.

உண்மை: ஐ7-2600 வந்தது 2011-இல். ஐ3-12100எஃப் வந்தது 2022-இல். இரண்டிலும் நான்கு கருக்கள், எட்டு இழைகள். எண்ணிக்கை ஒன்று, நடுவே பதினோரு வருடம். வேகத்தில் புதிய ஐ3 பழைய ஐ7-ஐ எளிதாக முந்திவிடும். ‘ஐ7’ என்பது குடும்பப் பெயர் மாதிரி. எந்தத் தலைமுறை என்பதைக் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும்.

‘ஐ7 கேமிங் பிசி’ என்று மலிவாக வரும் பெட்டிகளில் பெரும்பாலும் எச்61 வகைப் பழைய போர்டு இருக்கும். புதிய ஐ3 உட்காருவது எச்610-இல். ஒரு சைபர்தான் வித்தியாசம், ஆனால் காலத்தில் பத்து வருடத்துக்கும் மேல். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கான இன்டெல் பட்டியல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. வாலரன்டோ விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். இரண்டாம் தலைமுறை ஐ7 அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

இன்னொரு சின்ன எழுத்து: இன்டெல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அந்தப் ப்ராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போடாமல் திரையில் எதுவும் வராது. கார்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எஃப் வகையை வாங்கி வந்து, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு.

நம்பிக்கை: 16 ஜிபி ராம் ஒரே குச்சியாக வாங்கினால் என்ன, இரண்டாக வாங்கினால் என்ன?

உண்மை: இரண்டு எட்டு ஜிபி குச்சிகளை, போர்டின் கையேடு சொல்லும் துளைகளில் சொருகினால் இரண்டு வழியாகத் தரவு போகும். டிடிஆர்4-3200 ராம் ஒன்று தனியாக நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு சேர்ந்தால் 51.2. தனிக் கார்டு இல்லாதவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. ரைசன் 5 5600ஜி போன்ற ப்ராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. அது கம்ப்யூட்டரின் ராமையே தன் நினைவகமாக எடுத்துக்கொள்ளும். இப்போது ஜிடி 730-இன் 14.4 ஜிபியை நினைத்துப் பாருங்கள். இரண்டு குச்சி போட்ட 5600ஜி, தனிக் கார்டு என்று பெயர் வாங்கிய அதைத் தாண்டிப் போய்விடும்.

அதனால் கை இறுக்கமானவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. இந்த வருடம் உள்கிராபிக்ஸ் உள்ள ப்ராசசர், நல்ல எஸ்எம்பிஎஸ் (உதிரிகளுக்கு மின்சாரம் தரும் பெட்டி), இரண்டு ராம் குச்சி. அடுத்த காப்பிப் பருவத்தில் உருப்படியான ஒரு கார்டு. நடுவில் ஜிடி 730-க்குக் கொடுக்கும் காசு வீண்.

நம்பிக்கை: கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசமாக வருகிறது. அது போதும்.

உண்மை: எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட லேபிள் ஒட்டியிருக்கும். அதில் ‘+12வி’ என்ற இடத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசசரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். 36 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 36 = 432 வாட்; 450 என்ற பெயருக்கு ஏற்ற சரக்கு. 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட்தான். மேலே எழுதிய 450 சப்பை மிளகு.

‘80 ப்ளஸ்’ முத்திரை சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைச் சொல்கிறது. அது முழுத் தரச் சான்று அல்ல. இருந்தாலும் அதுகூட இல்லாத பெட்டியைவிட மேல். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை 70 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட் கேட்கும். இவற்றுக்கு 750 வாட் தேவையில்லை. நேர்மையான 450 அல்லது 550 போதும்.

நம்பிக்கை: ஸ்டெபிலைசரோ ஸ்பைக் பஸ்டரோ போட்டுவிட்டால் இடிக்குப் பயமில்லை.

உண்மை: மலையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இது. குறைந்த வோல்டேஜும் இடியும் இரண்டு வேறு வியாதிகள்.

நம் மின்சாரம் 230 வோல்ட். ஆறு சதவீதம் ஏறி இறங்கலாம் என்பது விதி. மாலையில் ஊரே விளக்குப் போடும்போது அதற்கும் கீழே இறங்குவதைக் கண்டிருக்கிறோம். எஸ்எம்பிஎஸ் லேபிளில் ‘100-240’ என்று இருந்தால் அந்த இறக்கத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். ‘200-240’ என்று இருந்தால் தள்ளாடும். முதல் வகை வாங்கினால் கம்ப்யூட்டருக்கு ஸ்டெபிலைசரே வேண்டாம்.

இடி வேறு. அந்த அதிர்ச்சி மைக்ரோ நொடிகளில் பாய்ந்து முடியும். ‘டக்’கென்று சத்தம் போட்டு மாறும் ஸ்டெபிலைசருக்கு அதில் ஆயிரம் மடங்கு நேரம் வேண்டும். ஸ்பைக் பஸ்டர் அதிர்ச்சியைத் திருப்பி விடுவது பெரும்பாலும் எர்த்துக்குத்தான். எர்த் இல்லாத வீட்டில் அது சிவப்பு விளக்கு போட்ட ஒரு பிளக் பலகை, அவ்வளவுதான்.

எர்த் இல்லை என்பதைக் கம்ப்யூட்டரே சொல்லும். ‘கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது அண்ணே’ என்று வருகிறவர்கள் பலர். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்ன மின்தேக்கிகள் இருக்கும். அவை இரண்டு கம்பிகளிலிருந்தும் தகர உடம்புக்குக் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 115 வோல்ட் அளவுக்குத் தகரத்தில் தங்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் அது ஒரு புகார் மனு. உடனே எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். பாறை மண்ணில் எர்த் எளிதில் பிடிக்காது. குழியைச் சரியாக எடுத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யூபிஎஸ் வாங்குங்கள். 600 விஏ என்று எழுதியது பெரும்பாலும் 360 வாட்தான். முதல் கம்ப்யூட்டருக்கு அது போதும். மின்சாரம் போனால் சேமித்துவிட்டு அணைக்க நேரம் தரும். ஆட்டத்தை முடிக்க அல்ல. ஐப்பசி மழையில் வானம் உறுமத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்குங்கள். இன்டர்நெட் கம்பியையும் சேர்த்துப் பிடுங்குங்கள். பலர் மறப்பது அதைத்தான். இதைவிட நல்ல காப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.

நம்பிக்கை: நம் குளிருக்கு ஃபேன் எதற்கு?

உண்மை: கார்டுக்கு 115, ப்ராசசருக்கு 65 என்று வைத்தால் 180 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பு மூன்றை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எரியவிட்டு மூடுவதற்குச் சமம். வெளியே பனி பெய்தாலும் உள்ளே சூடுதான். ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்றும் பத்து சதவீதம் அளவுக்கு மெலிந்திருக்கும். ஃபேன் தள்ளும் காற்றில் சரக்கு குறைவு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட்டைத் தவிர்த்து, வலை போட்டதை எடுங்கள். இரண்டு ஃபேன் போதும். தண்ணீர்க் குளிரூட்டி வீண் செலவு.

மலையில் குளிரைவிட ஈரமும் தூசியுமே எதிரி. மழைக்காலத்தில் விளையாடாவிட்டாலும் வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். காப்பிக் களத்துத் தூசியும் விறகடுப்புப் புகையும் சேரும் இடத்தில் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஃபேனில் பசை மாதிரி ஒட்டும்.

நம்பிக்கை: நல்ல கார்டு போட்டால் ஆன்லைன் ஆட்டத்தில் லேக் போய்விடும்.

உண்மை: படம் திக்குவது கார்டின் குறை. நீங்கள் சுட்ட பிறகும் எதிரி நடந்துகொண்டிருப்பது இணைப்பின் குறை. வாலரன்ட் சர்வர் மும்பையில் இருக்கிறது. இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே 11 மில்லி நொடி ஆகும். மீதியெல்லாம் உங்கள் இணைப்பின் தரம். கைப்பேசி டேட்டாவில் விளையாடுவதாக இருந்தால் இன்னொரு கணக்கையும் போடுங்கள். ஜிடிஏ 5 நூறு ஜிபிக்கு மேல். தினம் 1.5 ஜிபி என்றால் இறக்கி முடிக்கக் குறைந்தது 67 நாள்.

நம்பிக்கை: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் 144 தானாக வரும்.

உண்மை: விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் போய் மாற்றாவிட்டால் பல திரைகள் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கும். எச்டிஎம்ஐ கம்பியைப் போர்டில் சொருகாமல் கார்டில் சொருகுங்கள். இது சிரிப்பாக இருக்கும். ‘புதுக் கார்டு சரியில்லை’ என்று வரும் புகார்களில் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது கம்ப்யூட்டரின் முதுகைத்தான்.

நம்பிக்கை: பில் வேண்டாமென்றால் வரி மிச்சம்.

உண்மை: உதிரிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அது மிச்சமாகத்தான் தெரியும். ஆனால் போர்டு, கார்டு, ராம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரன்டி. பெரும்பாலும் மூன்று வருடமோ அதற்கு மேலோ. சீரியல் எண் போட்ட பில் இல்லாவிட்டால் அந்த மூன்று வருடமும் காற்றில் போகும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்கள், பழுதான குச்சியை மாற்றித் தரும் ஒரு காகிதத்தின் மதிப்பை உணர்வார்கள்.

சமவெளியில் இருப்பவருக்கு உதிரி பழுதானால் ஒரு சாயங்காலம் போகும். நமக்கு வத்தலக்குண்டு இறங்கி, அங்கிருந்து திண்டுக்கல்லோ மதுரையோ போய்த் திரும்ப ஒரு முழு நாளும் ஒரு நாள் கூலியும் போகும். அதனால் மலைக்காரர்களின் முதல் கம்ப்யூட்டரில் காசு போக வேண்டிய வரிசை வேறு: முதலில் எர்த், பிறகு எஸ்எம்பிஎஸ், பிறகு ப்ராசசரும் போர்டும், கடைசியாகக் கார்டு. கடையில் பெட்டியை நீட்டும்போது முகப்பைப் படிக்காதீர்கள். திருப்பிப் பின்பக்கத்தைப் படித்த பிறகு பணத்தை எடுங்கள்.