எக்ஸ்-ரேயில் தெரியாத இடுப்பு வலி

"எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், வலி மட்டும் போகவில்லை." இடுப்பு மூட்டு வலியுடன் வருவோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும்.

தொடை எலும்பின் உச்சியிலுள்ள பந்து போன்ற தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்கள் மிக நுண்ணியவை. அவை தடைப்பட்டால் அங்குள்ள எலும்புத் திசு இறக்கத் தொடங்கும். மருத்துவர்கள் இதனை ஏ.வி.என். என்பர். தொடை எலும்பின் கழுத்து முறிவு, ஸ்டீராய்டு மருந்து, மிகுந்த மதுப்பழக்கம் ஆகியன முதன்மைக் காரணங்கள். வலி பெரும்பாலும் கவட்டில் தோன்றும். சிலர் முழங்கால் வலி என்றே எண்ணி வருவர்.

இறந்த எலும்பு உடனே உருக்குலைவதில்லை. ஆகவே தொடக்கத்தில் எக்ஸ்-ரே இயல்பாகவே இருக்கும். மாதங்கள் கழித்துக் குருத்தெலும்பின் அடியில் பிறை போன்ற கோடு தெரியும். பின்னர் பந்து தட்டையாகும். அந்நிலையில் பலருக்கு மூட்டு மாற்று அறுவைதான் வழி. பந்து உருக்குலையுமுன் அறிந்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்தல் போன்ற சிகிச்சைகளால் சொந்த மூட்டையே காக்க முயலலாம்.

மஜ்ஜையில் ஏற்படும் மாற்றத்தை எம்.ஆர்.ஐ. முன்னரே காட்டிவிடும். வலியில்லாத மறுபக்க இடுப்பையும் சேர்த்தே எடுக்கச் சொல்கிறோம். அங்கும் நோய் மறைந்திருப்பது அரிதன்று. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா பரிசோதனை இதற்கு ஈடாகாது. அது எலும்பு மெலிவுக்கானது.

2021இல் மும்பை ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள், கொரோனாவுக்கு ஸ்டீராய்டு பெற்ற மூவருக்கு இந்நோய் வந்ததைப் பதிவு செய்தனர். மூவரும் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள். கொரோனா உறுதியான நாளிலிருந்து சராசரியாக 58 நாள்களில் வலி தொடங்கியிருந்தது. அவர்களே மருத்துவர்களாக இருந்ததால் அறிகுறியை உணர்ந்து விரைந்து வந்தனர். மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. எனவே முன்னர் உட்கொண்ட மருந்துச் சீட்டுகளை, அவை ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ தரப்பட்டவையாயினும், தவறாது கொண்டு வாருங்கள். ஆனால் ஸ்டீராய்டை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். அது வேறு ஆபத்து.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை; வலிமையான காந்தம் உண்டு. பேஸ்மேக்கர், உடலில் பொருத்திய உலோகம் பற்றி முன்பே கூறுக. வள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் வெல்டிங், கிரைண்டிங் செய்வோர் இன்னொன்றையும் கூற வேண்டும்: எப்போதேனும் கண்ணில் இரும்புத்தூள் பட்டதுண்டா? ஒரு சிறு துகளும் காந்தத்தில் அசைந்து கண்ணைக் கெடுக்கலாம். ஐயமிருப்பின் முதலில் கண்ணுக்கு எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்போம்.