ஏரியும் டாங்க்கும்

ஒரு சொல் பல பொருள்களை உணர்த்துதலும், பல சொற்கள் ஒரு பொருளை உணர்த்துதலும் எல்லா மொழிகட்கும் பொதுவான இயல்பு. தமிழில் இவ்விருவகைச் சொற்களையும் தொகுத்துத் தந்த நூல்கள் நிகண்டுகள். அவற்றுள் பழமையானது சேந்தன் திவாகரம். பன்னிரண்டு தொகுதிகளையுடைய அந்நூலின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுதற்கென்றே அமைந்தது. ஆங்கிலத்திலும் இத்தகைய சொற்கள் பலவுண்டு. அவற்றுள் தமிழ்நாட்டு மண்ணோடும் நீரோடும் தொடர்புகொண்ட ஒரு சொல் 'டாங்க்' என்பதாகும்.

இச்சொல்லைக் கேட்டவுடன் வீட்டிலிருப்போர் மாடிமேல் வைத்த தண்ணீர்த் தொட்டியை நினைப்பர். மோட்டார் வண்டி ஓட்டுவோர் பெட்ரோல் நிரப்பும் கலத்தை நினைப்பர். போர்ச்செய்தி படிப்போர்க்கோ இரும்புக் கவசம் பூண்டு, பீரங்கி தாங்கிச் செல்லும் ஊர்தி தோன்றும். இம்மூன்றாம் பொருள் வந்த வரலாறு சுவையானது. முதல் உலகப்போரின்போது ஆங்கிலேயர் இவ்வூர்தியை மறைவாகச் செய்தனர். செய்யப்படுவது இன்னதென்று பகைவர் அறியாவண்ணம், அதனை நீர்த்தொட்டி என்று சொல்லி வைத்தனர். 1916 செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் பகுதியில் அது முதன்முதலாகப் போர்க்களம் புகுந்தது. மறைவு நீங்கிய பின்னரும் பெயர் நீங்கவில்லை. தமிழ்ச் செய்தித்தாள்கள் அதனை 'டாங்கி' என எழுதுகின்றன.

இவையெல்லாம் பிற்காலத்துப் பொருள்கள். ஆங்கிலேயர் இச்சொல்லை முதலிற் பயன்படுத்தியது இந்நாட்டு ஏரி குளங்களைக் குறிப்பதற்கேயாம். குசராத்தி, மராத்தி மொழிகளில் நீர் தேக்குமிடத்தைக் குறித்த சொல் ஆங்கிலம் புகுந்தது என்றும், போர்த்துக்கீசியச் சொல் ஒன்றும் அதனோடு கலந்தது என்றும் அறிஞர் கூறுவர். ஆங்கில ஆட்சியின் வருவாய்ப் பதிவேடுகளில் தமிழகத்து ஏரிகள் டாங்க் என்றே எழுதப்பட்டன. சென்னையில் சேத்துப்பட்டை அடுத்துள்ள ஸ்பர் டாங்க் சாலையும், நுங்கம்பாக்கத்து டாங்க் பண்டு சாலையும் அவ்வழக்கின் எச்சங்களாகும்.

அவ்வொரு சொல்லுள் அடங்கியவற்றைத் தமிழர் எத்துணைப் பெயர்களாற் பகுத்து வழங்கினர் என்பது அறியத்தக்கது. கரையிட்டு மழைநீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சுவது ஏரி. தொண்டை நாட்டார் ஏரி என்பதனை மதுரை, இராமநாதபுரம் பகுதியினர் கண்மாய் என்பர். திருநெல்வேலிச் சீமையார் குளம் என்பர். சென்னையிலோ குளம் என்றால் பெரும்பாலும் படித்துறையுடைய கோயிற்குளமே நினைவுக்கு வரும். மயிலைக் கபாலீசுவரர் கோயிற்குளம், தெப்பத் திருவிழா நிகழ்தலின் தெப்பக்குளம் எனவும் பெயர் பெறும். மலைப்பாறைகளிடையே ஊறி நிற்பது சுனை. மக்கள் தோண்டாது தானே அமைந்தது பொய்கை என்று உரையாசிரியர் வேறுபடுத்துவர். கேணி என்னும் பெயரைத் திருவல்லிக்கேணி இன்றும் தாங்கி நிற்கிறது. நிகண்டுகள் பொய்கை, கயம், வாவி, தடம் என ஒருங்கே அடுக்கிச் செல்லும். செய்யுள் இயற்றுவார்க்கு அஃது உதவும். நீர் பாய்ச்சும் உழவனுக்கோ ஊர் வழக்கே உதவும்.

ஊரார் உண்ணும் நீருக்கெனக் காக்கப்படுவது ஊருணி. கல்வியிற் சிறந்து, உலக நன்மையை விரும்பும் பேரறிவாளனுடைய செல்வத்துக்குத் திருவள்ளுவர் உவமை கூறியபோது, ஏரியைக் கொள்ளாது ஊருணியையே கொண்டார். ஏரிநீர் ஆயக்கட்டில் நிலமுடையார்க்கு முறைவைத்து விடப்படுவது. ஊருணி நீரோ நிலம் உடையார், இல்லார் என்னும் பாகுபாடின்றி உண்ணுதற்கு உரியது. இவ்விரண்டையும் டாங்க் என மொழிபெயர்த்தால் அவ்வுவமையின் நுட்பம் புலப்படாது.

செங்கற்பட்டுப் பகுதியில் சிறிய ஏரியைத் தாங்கல் என்பர். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் ஆகிய ஊர்ப்பெயர்களில் அதனைக் காணலாம். நீரைத் தாங்குவது தாங்கல். இதிலிருந்தே டாங்க் பிறந்தது எனச் சிலர் மகிழ்ந்து கூறுவதுண்டு. ஒலி ஒத்தமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது; அக்கூற்றைச் சான்று கிடைக்குங்காறும் ஏற்றல் தகாது.

இனி, சென்னையின் தென்பாலுள்ள வேளச்சேரியை நோக்குவோம். சேரி என்பது பண்டு மக்கள் சேர்ந்து வாழும் இடம் எதற்கும் பொதுப்பெயர். பின்னரே அதன் பொருள் குறுகியது. வேளச்சேரியில் ஏரி ஒன்று உண்டு. இன்றைய வரைபடங்கள் அதனை டாங்க் என்னாது 'லேக்' என்று குறிக்கின்றன. சொல் மாறியதனால் கருத்தும் மாறிவிட்டது. லேக் என்றால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இயற்கையாய் அமைந்த பெருநீர்ப்பரப்பு. அது தானே நிரம்பும், தானே நிற்கும். ஏரி அத்தகையதன்று. அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வேண்டும், கரை வேண்டும், வயலுக்கு நீர் விட மதகு வேண்டும், மிகுந்த நீர் வெளியேறக் கலங்கல் வேண்டும், கலங்கலிலிருந்து சென்ற நீர் அடுத்த நீர்நிலையை அடைய வழியும் வேண்டும். இவற்றுள் ஒன்று கெடினும் ஏரி கெடும். ஆண்டுதோறும் குடிமராமத்துச் செய்த ஊரார் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேளச்சேரியின் வயல்கள் வீடுகளாயின. ஏரிப்பரப்பின் ஒரு பகுதியும் குடியிருப்பாயிற்று. நீர்நிலையை மனையாக்குதல் சென்னைக்குப் புதிதன்று. 1920களில் மாம்பலம் பக்கத்து நெடிய ஏரியை வற்றச் செய்தே தியாகராய நகர் அமைக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' இன்றும் உண்டு. அங்கு நின்று பார்ப்பார்க்கு ஏரி தோன்றாது. ஆயினும் வேளச்சேரி தாழ்ந்த நிலம். சுற்றுப்புறத்து நீர் பள்ளிக்கரணை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது. 2015 டிசம்பர்ப் பெருமழையில் அவ்வூர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்து நின்றது. மக்கள் மாடிகளில் தங்க, மீட்போர் படகுகளில் வந்தனர்.

ஏரி கரைந்ததற்குத் துணைசெய்த சொல் ஒன்றும் உண்டு, அது புறம்போக்கு. வரிக்கணக்குக்குப் புறம்பாக, ஊர்ப்பொதுவுக்கென விடப்பட்ட நிலத்துக்கு அது பெயர். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம் யாவும் அதில் அடங்கும். எல்லார்க்கும் உரியது என்று பொருள்பட்ட அச்சொல், நாளடைவில் எவர்க்கும் உரியதன்று எனப் பொருள்பட்டு, இன்று ஒருவரை இகழ்ந்துரைக்கும் வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. இங்ஙனம் இழிந்த சொற்கள் தமிழில் வேறு சிலவும் உள; ஆயினும் இதனைப்போல் நிலத்தையும் உடன்கொண்டு போனது வேறொன்றும் இன்று.

பள்ளிக்கரணையிலுள்ள சதுப்பு நிலத்துக்குக் கழுவெளி என்பது மக்கள் வழக்கு. மழைக்காலத்து நீரைப் பரந்து ஏற்று, மெல்ல மெல்லக் கடலுக்கு விடுவது அதன் தொழில். ஏரியென்றும் குளமென்றும் சொல்லத் தகாத அந்நிலம் நெடுங்காலம் வீண்நிலமாகக் கருதப்பட்டது. பெருங்குடிப் பக்கத்தில் நகரக் குப்பை அதிற் கொட்டப்பட்டது. 2022இல் உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக ராம்சர் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அங்கு நிறைந்த நீர் ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே சென்று, கோவளத்துக் கழிமுகத்தில் கடலொடு கலக்கும். மடு என்பது ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும் பழஞ்சொல். அதன்மேல் அமைந்த பாலத்தை நாள்தோறும் கடந்து செல்வோர் பலர், அதனை ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே அறிவர்.