மாதத்தில் ஒரு நாளாவது

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள லக்கி பிளாசாவில் பிலிப்பீன்ஸ் நாட்டுப் பணிப்பெண்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். பாய லேபார் அருகிலுள்ள சிட்டி பிளாசாவில் இந்தோனேசியப் பெண்கள் கூடுவார்கள். தோழியருடன் சாப்பிடுவதும், ஊருக்குப் பணம் அனுப்புவதும், கைப்பேசியில் தம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் அன்றைக்குத்தான்.

அந்த ஒரு நாள் எளிதில் கிடைத்துவிடவில்லை. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் இல்லப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. வேலை செய்யும் வீட்டிலேயே அவர்கள் தங்குவதால் வேலை நேரத்தை வரையறுப்பது கடினம் என்பார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கான தனிச்சட்டமே அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. 2013 ஜனவரி 1 முதல் வழங்கப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட வேலை அனுமதிகளுக்கு, வாரம் ஒரு நாள் ஓய்வு கட்டாயமாயிற்று.

ஆனாலும் ஒரு சலுகை இருந்தது. பணிப்பெண் சம்மதித்தால், ஓய்வுநாளிலும் வேலை வாங்கலாம். அதற்கு ஈடாகக் குறைந்தது ஒரு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும், அல்லது அதே மாதத்தில் மாற்று ஓய்வுநாள் தர வேண்டும். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் கிடைக்கும். மாதம் 650 வெள்ளி பெறுபவருக்கு அது 25 வெள்ளி.

இங்கே சற்று யோசித்துப் பாருங்கள். வேலைக்கு வருவதற்காக வாங்கிய கடனை அடைக்கவே பலருக்கு முதல் சில மாதச் சம்பளம் போய்விடுகிறது. அந்த நிலையில் இருப்பவரிடம், "ஓய்வு வேண்டுமா, பணம் வேண்டுமா?" என்று முதலாளியே கேட்டால், அவர் சொல்லும் 'சரி' எவ்வளவு சுதந்திரமானது? நான்கு வாரமும் பணமே போதும் என்று சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் வெளியே செல்லாமல் இருந்தவர்களும் உண்டு. வீட்டுக்குள் ஏதேனும் கொடுமை நடந்தால்கூட, வெளியில் ஒருவரிடம் சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

அதனால் 2023 ஜனவரி 1 முதல் விதி இறுக்கப்பட்டது. மாதத்தில் ஒரு நாளையாவது ஓய்வாகவே கொடுக்க வேண்டும். அந்த நாளுக்குப் பணம் ஈடாகாது. முதலாளி, பணிப்பெண் இருவரும் ஒப்புக்கொண்டாலும் மாற்ற முடியாது. மற்ற வாரங்களுக்குப் பழைய ஏற்பாடே தொடர்கிறது.

வேறு சில விதிகளும் உள்ளன. சம்பளத்தை மாதந்தோறும், சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலாளி கட்ட வேண்டிய 5,000 வெள்ளிப் பிணைப்பத்திரத்தின் செலவை அதிலிருந்து பிடிக்கக் கூடாது. "பத்திரமாக இருக்கட்டுமே" என்று பணிப்பெண்ணின் கடப்பிதழை அலமாரியில் வைத்துப் பூட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதுவும் சட்டப்படி குற்றமே.